கதவு இடித்த கண்

சைலஸ் மேபினும் கஸ் போல்டனும் அதுவரை குத்துச்சண்டை மேடையில் பதினோரு முறை ஒருவரை ஒருவர் குத்தியிருந்தார்கள். பகை என்று பார்த்தால் ஒரு மண்ணும் கிடையாது. ஹெவிவெயிட் பிரிவில் பேர் வாங்கிய வெள்ளைக்காரர்கள் எல்லாம் கறுப்பனோடு மோதுவதில்லை என்று கோடு கிழித்துவிட்டார்கள். அப்புறம் கறுப்பர்கள் என்ன செய்வார்கள்? வயிற்றுப்பாட்டுக்குத் தங்களுக்குள்ளேயே குத்திக்கொண்டார்கள். செயின்ட் லூயியில் சைலஸ் ஜெயிப்பான், டென்வரில் கஸ் ஜெயிப்பான். சண்டை முடிந்ததும் வீங்கின மூஞ்சிகளோடு இரண்டு பேரும் ஒரே தட்டில் பொரித்த கெளுத்தி மீனைத் தின்றுவிட்டு, ஒரே ரயிலில் அடுத்த ஊருக்குக் கிளம்புவார்கள்.

அப்படி ஒரு ரயிலில்தான் பேசி முடிவு செய்தார்கள். இரண்டு பேரில் யாருக்கு உலகச் சாம்பியன் பட்டம் கிடைத்தாலும், முதல் சண்டை மற்றவனோடு.

அப்போது சாம்பியனாக இருந்தவன் டெனிஸ் கார்மடி. சாக்குச் சொல்வதற்கும் ஒரு பட்டம் இருந்திருந்தால் அதையும் அவனே வைத்திருப்பான். கறுப்பனோடு மோதுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருப்பதாக முதலில் சொன்னான். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆயிற்றே என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதும், கட்டைவிரல் சுளுக்கு என்றான். பிறகு நாடகத்தில் நடிக்கப் போய்விட்டான். கஸ் விடவில்லை. அவன் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய், ஆளைக் கூப்பிட்டுக் கிண்டல் பண்ணிப் பண்ணி, கடைசியில் ஆஸ்திரேலியாவில் மடக்கிப் பிடித்து, பதிமூன்றாவது சுற்றில் படுக்க வைத்தான்.

அன்றைக்கு சிகாகோவில் கறுப்பர்கள் வாழும் ஸ்டேட் தெருவே ஆடியது. எல்லாரையும்விட அதிகம் ஆடியவன் சைலஸ். அடுத்தது தான்தானே!

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கஸ்ஸிடமிருந்து கடிதங்கள் மட்டும் ஒழுங்காக வந்தன. முன்பல்லுக்குத் தங்கம் கட்டுவதாகச் சாக்குச் சொல்லி ஒன்று, புதுக் கார் வாங்கி ஓட்டப் பழகுவதாக ஒன்று. ‘ரெண்டு கறுப்பனுங்க குத்திக்கிறதைப் பார்க்க எவன்டா டிக்கெட் வாங்குவான்’ என்று இன்னொன்று. அதைப் படித்ததும் சைலஸ் கசக்கி எறிந்தான். கார்மடியாவது வெள்ளைக்காரன். இவனுக்கு என்ன கேடு?

சைலஸுக்கு முப்பத்து மூன்று வயது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊர் பார்க்க, பட்டத்துக்காக ஒரே ஒரு சண்டை. தோற்றாலும் பரவாயில்லை, ஆனால் அவன் தோற்க மாட்டான்.

கடைசியில் சண்டைக்கு அல்ல, வேலைக்குக் கூப்பிட்டுத் தந்தி வந்தது. அயோவாக்காரனான ஓட்டோ ஷ்ரோடர் என்கிற ஆறரை அடிக் கொல்லனோடு ஜூலையில் கஸ்ஸுக்குச் சண்டை. பட்டத்தை வெள்ளையருக்கு மீட்டுத் தரப் பிறந்தவன் ஷ்ரோடர்தான் என்று பத்திரிகைகள் தினமும் அவனைத் தூக்கி வைத்து எழுதின. அதற்காக சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் கஸ் பயிற்சி எடுக்கிறான், குத்து வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். அந்த வேலையில் ஒரே சட்டம்தான். சாம்பியனை ஓங்கி முகத்தில் குத்தினால் மறுநாள் ஊருக்கு டிக்கெட்.

சைலஸ் போனான். நேரில் நின்றால் எப்படி டபாய்ப்பான், பார்த்துவிடலாம் என்றுதான் போனான்.

மூன்றாம் நாள் காலை. பயிற்சிக் கொட்டகையின் கதவு மூடியிருந்தது. மேனேஜர் டவுனுக்குப் போயிருந்தார். பத்திரிகைக்காரர்களைப் பதினோரு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். வேடிக்கை பார்க்க இருந்தது சமையல்காரி டெலியா மட்டும். கையில் மாட்டிறைச்சி சூப்போடு மேடைக் கயிற்றோரம் நின்றாள்.

குத்தும்போதும் கஸ்ஸுக்கு வாய் மூடாது.

"ஏன்டா சைலஸ், கையுறைக்குள்ள டெலியாக்கா சுட்ட பிஸ்கட்டை வச்சிருக்கியா? நேத்தைவிட இன்னிக்கு வலிக்குதே!"

"என் பிஸ்கட்டுக்கு என்னடா குறைச்சல்? நேத்து ஒன்பது தின்னியே, அப்ப வலிக்கலையா?" என்றாள் டெலியா.

கஸ் சிரித்தான். சிரிக்கும்போது அவனுடைய வலது கை தானாக இறங்கும். இது உலகத்திலேயே சைலஸ் ஒருவனுக்குத்தான் தெரியும். பதினோரு சண்டையில் கற்ற பாடம் அது.

"கஸ், நம்ம சண்டை எப்படா?" என்று கேட்டான் சைலஸ்.

"இந்தக் கொல்லன் கதையை முடிச்சிடறேன். அப்புறம் மூக்குல ஒரு சின்ன ஆபரேஷன்..."

"மூக்குக்கு என்ன?"

"அழகா இருக்கில்ல, அதான் கெட்டுப் போறதுக்குள்ள..." என்று சொல்ல வந்தவன், தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டான். கை இறங்கியது.

சைலஸ் யோசிக்கவே இல்லை. இரண்டு வருஷக் கோபம் மொத்தமும் இடது கையில் போயிற்று. கஸ் போல்டன் மரம்போல் சாய்ந்தான்.

டெலியா சூப்பைக் கீழே போட்டுவிட்டு, "அடப்பாவி! கொன்னுட்டியாடா?" என்று அலறினாள்.

கொல்லவில்லை. கஸ் கண் திறந்தான், புரண்டான், கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றான். வலது கண் அதற்குள் பிதுங்கி மூடிக்கொண்டிருந்தது. முகத்தில் துளி கோபமில்லை.

"இதுக்குத்தான்டா உன்கூட மோதலை. வேற ஒரு காரணமும் கிடையாது."

சைலஸ் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மணி பதினொன்று. மூன்று பத்திரிகைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்த ஹாலோரனுக்கு மோப்பம் அதிகம். நேராகக் கஸ்ஸின் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சாம்பியன், கண்ணுல?"

எப்போதும் ஓயாத கஸ்ஸின் வாய் திறக்கவில்லை. அவன் சைலஸைப் பார்த்தான். டெலியாவும் பார்த்தாள்.

மூன்று பென்சில்கள் தயாராக இருந்தன. ‘நான்தான் வீழ்த்தினேன்’ என்று ஒரு வார்த்தை போதும். நாளைக் காலையில் தேசம் முழுக்க சைலஸ் மேபின் யார் என்று கேட்கும். கஸ் தப்பவே முடியாது. சொல்லிவிடத்தான் சைலஸ் வாயைத் திறந்தான்.

ஆனால் எப்படி வீழ்த்தினாய் என்று அடுத்த கேள்வி வருமே. அதைச் சொன்னால் ஷ்ரோடருக்கும் தெரியும். கொல்லன் ஒரு ஜோக்குக்காகக் காத்திருந்து அடித்தானானால் பட்டம் போய்விடும். போனால் போனதுதான். அப்புறம் எந்தக் கறுப்பனையும் அதன் பக்கத்திலேயே விட மாட்டார்கள். சிகாகோவில் ஆடிய அத்தனை பேரும், ரயிலில் பெட்டி தூக்குகிறவர்களும், ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறவர்களும், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"கதவு சார்" என்றான் சைலஸ்.

"கதவா?"

"இந்தக் கதவுதான். காத்து அடிச்சா பேய் மாதிரி சாத்துது. காலைல இவரு உள்ள வர்றாரு, டமால்! நான் அப்பவே சொன்னேன், பார்த்து வாங்கன்னு. கேட்டாத்தானே!"

தனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் வரும் என்று சைலஸுக்கே தெரியாது. ஹாலோரன் கதவை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

"நீ யாருப்பா?"

"சைலஸ் மேபின், சார்."

"சரி, குத்து வாங்குற ஆளு ஒருத்தன் சொன்னான்னு போட்டுக்கறேன்" என்று நோட்டை மூடினார்.

அவர்கள் போனதும் சைலஸ் கயிற்றோரம் உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றினான். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அடுத்தது நீதான்டா. என் குழந்தை மேல சத்தியம்."

"உனக்கு ஏதுடா குழந்தை?"

கஸ் தலையைக் குனிந்துகொண்டான். மெதுவாகக் கேட்டான்.

"எவ்வளவு நேரம்டா கீழே கிடந்தேன்?"

"பதினாலு எண்ணினேன்."

"பத்தோட நிறுத்தியிருக்கலாமே. பத்து எண்ணினாலே தோத்தாச்சு, அதுக்கு மேல எவன் எண்ணுவான்?"

"பத்து வரைக்கும் எனக்காக எண்ணினேன். மிச்ச நாலு, நீ எப்படியாவது எழுந்திரிக்கணுமேன்னு எண்ணினேன்" என்றான் சைலஸ்.