இரண்டு கேட்டுகளுக்கு நடுவில்

மேஸ்திரிக்குக் குப்பை ஆகாது. அன்றைய வேலை முடிந்ததும் சிந்திய கலவையைச் சுரண்டி, மணலைக் குவித்து, இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்த பிறகுதான் கை கழுவுவார். யாராவது கட்டிடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போச்சு, கொத்தனார் கையிலும் துடைப்பத்தைத் திணித்துவிடுவார். 'பெருக்குமாறு மேஸ்திரி' என்று முதுகுக்குப் பின்னால் பெயர். அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. உள்ளூர அதில் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

இத்தனை காலம் அடுத்தவர்களுக்கே கட்டிக்கொடுத்த மனிதர், இப்போதுதான் தனக்கென்று ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டிடத்துக்குத் துணிந்திருந்தார். மற்ற ஐந்து வீடுகள் எப்படியோ போகட்டும். அவர் உயிரெல்லாம் தரைத்தளத்து வீட்டின் மேல்தான் இருந்தது. அது தம்பிக்கு.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். முதுகுத்தண்டில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து வெளியே வந்தபோது கால்கள் போய்விட்டன. கை மட்டும் கரண்டி பிடிக்கிற அளவுக்குத் தேறியது. அண்ணனும் தம்பியும் ஒரே குடும்பமாக இருந்ததோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமென்றால் நாலு பேர் நாற்காலியோடு அவனைத் தூக்கி இறக்க வேண்டும். ஒருநாள் படித் திருப்பத்தில் ஒருத்தனுக்குக் கால் இடறி, நாற்காலி சாய்ந்து, தம்பி சுவரில் மோதினான். பயத்தில் உடுப்பு நனைந்துபோனது. அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் கதவைத் திறந்து பார்த்தது. அன்றோடு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். பயிற்சி நின்றதும், தேறி வந்த கை மறுபடி மடங்க ஆரம்பித்தது.

அப்போதுதான் மேஸ்திரி அவனுக்கு வாக்குக் கொடுத்தார். புது வீட்டில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து நேராகச் சாய்தளம், சாய்தளத்திலிருந்து அப்படியே வேனுக்குள். ஒருத்தரும் அவனைத் தூக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து தம்பி படுத்த படுக்கையிலேயே அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தான். சாய்தளத்துக்குச் சொரசொரப்பான கல்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மழையில் வழுக்கும் என்று அண்ணனுக்கே பாடம் எடுத்தான்.

எல்லாம் சரி, கேட்டுதான் இடித்தது.

மனை இருப்பது பெரிய ரோட்டின் மேல். ஒரு பக்கம் பெட்ரோல் பங்க், மறுபக்கம் ஒரு கிடங்கு. ரோட்டில் ஒரு கேட்டுக்கும் அடுத்த கேட்டுக்கும் நடுவே குறிப்பிட்ட இடைவெளி விட வேண்டும் என்று விதி. புதிதாகக் கட்டுகிறவன்தான் விட வேண்டும், ஏற்கெனவே கட்டினவன் மகராசன். இரண்டு கேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேஸ்திரியின் மனையில், விதிப்படி கேட் வைக்க ஒரு சாண் இடம்கூடத் தேறவில்லை. வேனை ரோட்டிலேயே நிறுத்தி ஏற்றலாமென்றால், லாரி பறக்கிற அந்த ரோட்டில் வண்டி நிறுத்தத் தடை. ஒரே கேட்டைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா என்று கிடங்குக்காரரைக் கேட்டதற்கு அவர் கையை விரித்துவிட்டார்.

மிச்சம் இருந்தது விதிவிலக்கு ஒன்றுதான். பிளான் போட்ட இஞ்சினியர் சின்ன வயசுக்காரன், கெட்டிக்காரன். விதிவிலக்கு கேட்டு அவனே மனு எழுதினான். 'வேறு வழியே கிடையாது' என்று காட்டினால் கிடைத்துவிடும் என்றான். மனையின் பின்னால் ஒரு சந்து உண்டு. முள்ளும் புதரும் மண்டி, இடித்த வீட்டுச் சல்லியெல்லாம் கொட்டிக் கிடந்த சந்து. பூனைதான் அதில் போய்வரும். அதைப் பற்றி மனுவில், 'பயன்பாட்டில் இல்லை' என்று இரண்டு வரி எழுதியிருந்தான். மேஸ்திரி படித்தெல்லாம் பார்க்கவில்லை, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த இரண்டு வரியில்தான் மனுவே நிற்கிறது என்று இஞ்சினியரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தச் சந்தில் யார் போய்க் கை வைக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பான் பாவம்.

மனு விஷயமாக நாளைக்கு ஆபீசர் அம்மா ஒருத்தர் இடத்தைப் பார்க்க வருகிறார், முன்னும் பின்னும் சுற்றிப் பார்ப்பார் என்று அவன் போனில் சொன்னதுதான் தாமதம், மேஸ்திரி ஆட்களைத் திரட்டிவிட்டார். அரசாங்கத்து மனுஷி வருகிற இடம் இப்படியா கிடக்கும்? புதரை வெட்டினார்கள். சல்லியை நிரவி, பள்ளத்துக்கு லோடு ஆட்டோவில் கிராவல் கொண்டுவந்து கொட்டி, திம்மிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள். மேஸ்திரி தானே நூல் பிடித்து மட்டம் பார்த்தார். அந்தி சாயும்போது சந்து கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்தபோது, விதிவிலக்கு கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது அவருக்கு.

மறுநாள் ஆபீசர் அம்மா நல்லபடியாகத்தான் வந்தார், நல்லபடியாகத்தான் பேசினார். முன்பக்கத்தை அளந்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார். கூடப் போன இஞ்சினியர் சந்தைப் பார்த்ததும் பேயறைந்தவன்போல நின்றுவிட்டான்.

"இங்க வண்டி வந்து போகுதே," என்றார் ஆபீசர் அம்மா. ஆட்டோவின் டயர் தடம் கிராவலில் பளிச்சென்று கிடந்தது.

மேஸ்திரிக்கு இன்னும் பிடிபடவில்லை. "நேத்துதான் மேடம் போட்டேன். நீங்க வர்றீங்கன்னு."

"ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க," என்று மனதாரச் சொல்லிவிட்டு, அந்த அம்மா போட்டோ எடுத்துக்கொண்டார்.

இஞ்சினியரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் செய்துவைத்த காரியம் மேஸ்திரிக்கு உறைத்தது. லோடு ஆட்டோதான் வரும், வேன் வராது, சந்து திரும்புகிற முனையில் டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது என்று பின்னாலேயே ஓடி ஓடிச் சொன்னார். ஆபீசர் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டிரான்ஸ்ஃபார்மர் மின்சார ஆபீஸ் சமாச்சாரம், நகர்த்துவதற்கு அங்கேதான் மனுக் கொடுக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சல்லியைத் திரும்பக் கொட்டிவிடலாமா என்று மேஸ்திரி அன்றைக்கே இஞ்சினியரைக் கேட்டார். போட்டோ ஃபைலுக்குள் போய்விட்டது என்றான் அவன். அண்ணே, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா என்று கேட்டவன், பைக்கை எடுத்துக்கொண்டு போனான். விதிவிலக்கை முடிவு செய்கிற குழுவின் முன்னால் மேஸ்திரி போய் நின்றதும் வீண்தான். கட்டிடத்துக்கு அனுமதி உண்டு. வண்டிப் பாதை பின்சந்து வழியாக. ரோட்டுப் பக்கம் கேட் கூடாது, முழுச்சுவர் எழுப்ப வேண்டும். வழி இருக்கும்போது விலக்கு எதற்கு என்று கேட்டு, அடுத்த ஃபைலை எடுத்தார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு வந்த மனிதர், அந்த ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். போகிற வருகிற ஆட்கள் ஒதுங்கிப் போனார்கள்.

வீட்டில் அவர் மனைவிக்கு ஆபீசர் அம்மா மேல்தான் ஆத்திரம். சந்தைக்கூடச் சுத்தம் பண்ணி வைத்தாரே மனுஷன், ஒரு ஈவிரக்கம் வேண்டாமா என்று அடுப்படியில் நின்று சபித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரிக்கு அதைக் கேட்கக் காது கூசியது. உள்ளே போய்த் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து, எதையும் மறைக்காமல், நடந்ததையெல்லாம் சொன்னார்.

தம்பி கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"மட்டம் பாத்தியாண்ணே?"

"பாத்தேன்டா."

"பாத்திருப்ப. நீ வேலைய சுத்தமா செய்வ." அவன் கேலியாகச் சொல்லவில்லை. கேலி செய்திருந்தால் மேஸ்திரி தாங்கிக்கொண்டிருப்பார்.

டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்த மனுப் போடலாம், அதற்கும் ஆள் இருக்கிறது, ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்று மேஸ்திரி ஏதேதோ சொன்னார். சொல்லும்போதே அது அவருக்கே நம்பிக்கையில்லாத பேச்சாகப் போய்விட்டது. போர்வைக்கு மேல் கிடந்த தம்பியின் கை, போன மாதத்தைவிட இன்னும் மடங்கியிருந்தது.

"கீழ் வீட்ட வேற யாருக்காவது குடுத்துருண்ணே," என்றான் தம்பி. "நடக்கிறவங்களா பாத்துக் குடு."

"அப்படிச் சொல்லாதடா."

"என்னைச் செவுத்துப் பக்கம் திருப்பி விடு. உன் மூஞ்சியப் பாத்துட்டுப் படுக்க முடியல."

அண்ணன் மேல் கோபித்துக்கொண்டு திரும்பிப் படுக்கவும் அவனுக்கு அண்ணன்தான் வேண்டியிருந்தது. மேஸ்திரி எழுந்தார். ஒரு கையைத் தம்பியின் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, வலிக்காமல் மெதுவாக, அவனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார்.