திங்கட்கிழமை நடுக்கம்

1

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை ஒரு ஸ்டியரிங்கில் இருந்துதான் வந்தது. விடியற்காலைக் கனவு. பனி மூடிய மலைச்சாலை. என் கைகள் ஒரு கறுப்பு வளையத்தைப் பிடித்திருக்கின்றன. வளையம் மெல்ல அதிர்கிறது, மடியில் தூங்கும் பூனையின் வயிறு போல. அதிர்வது வளையமா, என் கையா என்று கனவுக்குள் தெரியவில்லை. விழித்த பிறகும் தெரியவில்லை.

தெரிந்துகொள்வதற்காக, சக்கரங்கள் எதனால் நடுங்குகின்றன என்று படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பு இவ்வளவு சந்தோஷம் தரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

2

முதல் தொடக்கம்: 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், யுத்தம் உலகத்தையே குலுக்கிக்கொண்டிருந்தபோது, திருவனந்தபுரத்தில் ஒரு வண்டியும்...'

[நிறுத்திவிட்டேன். உலகம் குலுங்கியதால் வண்டியும் குலுங்கியது என்பது சோம்பேறித்தனம். யுத்தத்தால் இந்தக் கதைக்கு ஆகும் காரியம் ஒன்றுதான்: புது டயர் கிடைக்காது.]

இரண்டாம் தொடக்கம்: 'சத்தியநேசன் திங்கட்கிழமைகளை வெறுத்தான்.'

[பொய். பயந்தான்.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

சத்தியநேசனின் வண்டி பிறக்கும்போது காராக இருந்தது. யாரோ அதன் பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டு, அயனி மரப் பலகையில் திறந்த பெட்டி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். முன்னால் துரைமார் வண்டி, பின்னால் மாட்டுவண்டி. வாரம் ஒருமுறை திருவனந்தபுரம் ஆரியசாலை மொத்தக் கடையிலிருந்து அரிசியும் உப்பும் கருவாடும் சுமந்துகொண்டு போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்குப் போகும். சனிக்கிழமை மாலை கடை அடைக்கும் முன்பே மூட்டைகளை ஏற்றிவிடுவார்கள். திங்கள் விடியலில் கிளம்பினால்தான் மதியத்துக்குள் அங்கே தொழிலாளர்களுக்குப் படியளக்க முடியும். நடுவில் இருப்பது ஞாயிறு. அன்றைக்குச் சத்தியநேசன் கோயிலுக்குப் போவான், ஜெபக்கூட்டத்துக்குப் போவான். வேலை என்ற பெயரில் ஒரு கயிற்று முடிச்சைக்கூட அவிழ்க்க மாட்டான்.

திங்கட்கிழமை, பேரூர்க்கடை தாண்டி வேகமுள் இருபதைத் தொடும்போது அது வரும். முதலில் விரல்நுனியில், பிறகு மணிக்கட்டில். இருபுறமும் மரங்கள் பனிக்குள் மிதந்து பின்னால் போய்க்கொண்டிருக்க, ஸ்டியரிங் அவன் கைக்குள் நடுங்கும். நெடுமங்காடு நெருங்க நெருங்கக் குறைந்து, வெயில் இலைகளில் இறங்கும் நேரத்தில் இல்லாமல் போய்விடும். மற்ற நாட்களில் வருவதே இல்லை.

3

இங்கே கதையைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிட்டு, சக்கரத்தைப் பார்ப்போம். எனக்குப் பிடித்த இடம் இது.

ஒரு சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் சற்றுக் கனம் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கனம் வண்டியை ஒருமுறை இடிக்கும். மெதுவாக ஓடினால் அந்த இடி தெரியாது. ஆனால் ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் சின்னக் குழந்தைகூட பெரிய மனிதரை ஆட்டிவிட முடியும் அல்லவா? வண்டிக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. இடியும் தாளமும் ஒத்துப்போகிற வேகத்தில் நடுக்கம் பிறக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அழகான வழி ஒன்று இருக்கிறது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றிவிட்டு, தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும்.

சத்தியநேசன் ஒரு சனிக்கிழமை, மூட்டை ஏற்றுவதற்கு முன் அதைச் செய்தான். சக்கரம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. கனம் சமம். சுழலும் டயருக்கு அருகில் சாக்கட்டியை அசையாமல் பிடித்தான். மேடு இருந்தால் அங்கே மட்டும் வெள்ளை விழும். சுற்றிலும் ஒரே சீராக விழுந்தது. வட்டம் சரி. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். இறுக்கம் சரி. முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றினான்.

திங்கட்கிழமை, பேரூர்க்கடை தாண்டியதும் வந்தது.

மாற்றிப் பார்ப்பதில் ஒரு நியாயம் உண்டு. எல்லாவற்றையும் மாற்றியும் நோய் போகவில்லை என்றால், மாற்றாமல் விட்ட ஏதோ ஒன்றுதான் காரணம். அவன் மாற்றாமல் விட்டது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளை.

4

சத்தியநேசனின் அண்ணன் ஞானசிகாமணி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். ஒருநாள் ஈய எழுத்துகள் அவர் விரலிலிருந்து உதிரத் தொடங்கின. இப்போது டீ டம்ளரை அண்ணி லீலாபாய்தான் அவர் வாயருகே பிடிக்கிறாள். அவருக்கும் காலையில்தான் நடுக்கம் அதிகம். வெயில் ஏறினால் சற்று அடங்கும்.

[இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்து இரண்டு முறை திரும்ப எழுதினேன். அண்ணன் இல்லாவிட்டால் இது வெறும் டயர் கதையாகிவிடும், எனக்கு அதுவே போதும். சத்தியநேசனுக்குப் போதாது. எஸ்டேட் போகும் வழியில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். நடுக்கம் கையில்தான் என்று தெரிந்துவிட்டால் வண்டியை விட வேண்டும். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.]

5

அவனுக்குத் தெரியாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.*

* பாரம் ஏற்றிய வண்டி அசையாமல் நெடுநேரம் நின்றால், டயர்களின் அடிப்பக்கம் தரையோடு அழுந்தித் தட்டையாகி, அந்த வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். தேய்ந்த டயரில் காற்றும் குறைவு என்றால் கேட்கவே வேண்டாம். ஓட ஓட ரப்பர் சூடாகி வட்டம் திரும்பிவிடும். நான்கு சக்கரத்திலும் அதே தட்டை என்பதால் முன்னதைப் பின்னால் மாற்றியும் பயன் இல்லை. சனிக்கிழமை மூட்டை ஏறுமுன் சோதித்தால் எல்லாம் வட்டம்.

இதை எப்படியாவது கதைக்குள் கடத்திவிட நினைத்து, மொத்தக் கடைக் கணக்கர் கல்யாணராமனை அனுப்பினேன். மூட்டை ஏறி முடிந்த மாலையில், மூக்குப்பொடி மட்டையைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்:

"ஓய் சத்தியநேசன், நாளைக்கு நீர் சௌக்யமா கோயில்ல உக்காந்துண்டிருப்பீர். இது மட்டும் ராவும் பகலும் மூட்டையைச் சொமந்துண்டு ஒத்தக் கால்ல நிக்கணுமாக்கும். வண்டிக்கு ஞாயித்துக்கிழமை கெடயாதா ஓய்?"

"வண்டிக்கு ஞானஸ்நானம் குடுக்கல்ல சாமி. குடுத்ததும் சொல்லுதேன்."

இருவரும் சிரித்தார்கள். என்ன சொன்னோம் என்று சொன்னவருக்கும் தெரியவில்லை, என்ன கேட்டோம் என்று கேட்டவனுக்கும் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், இதுதான் காரணம் என்று எனக்கும் தெரியாது. டயர் சூடானாலும் நடுக்கம் அடங்கும். கை சூடானாலும் அடங்கும்.

6

மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தபோது சத்தியநேசன் மேல் எனக்குக் கோபம் வந்தது. சாக்கட்டி பிடிக்கத் தெரிந்தவனுக்கு, எல்லாவற்றிலும் எளிய சோதனை ஏன் தோன்றவில்லை? ஸ்டியரிங்கை வேறொருவரைப் பிடிக்கச் சொன்னால் தீர்ந்தது. அவருக்கும் நடுங்கினால் வண்டி. நடுங்காவிட்டால் கை. பாத்திரத்தைச் சரியாக யோசிக்கவில்லை என்று என்னையே நொந்துகொண்டேன்.

பிறகுதான் புரிந்தது. அவனுக்கு அது முதல் வாரமே தோன்றியிருக்கிறது. மற்ற சோதனைகள் எல்லாம் அதைச் செய்யாமல் இருப்பதற்காக.

7

ஆகவே ஒரு திங்கட்கிழமை அவன் மனைவி ரத்னாபாயை வண்டியில் ஏற்றுகிறேன். போனக்காட்டில் அவள் தங்கை ராகேல் இருக்கிறாள், பார்த்து நாளாயிற்று. காரணம் போதும்.

பேரூர்க்கடை கடந்தது. சாலை பாலுக்குள் போவது போலப் பனிக்குள் போனது.

"என்னத்துக்கு இந்த முறுக்கு முறுக்குதிய? ஸ்டியரிங்கா, கோழிக் கழுத்தா?"

"சும்மா இரி பிள்ளே."

"அண்ணனப் போல ஆயிருமோண்ணு பயம். அல்லே?"

அவன் காலைத் தளர்த்தினான். முள் பதினைந்தில் நின்றது.

"சோறு உண்ணும்போ கையப் பாக்குதிய. கோயில்ல பாட்டுப் புஸ்தகம் பிடிக்கும்போ கையப் பாக்குதிய. கட்டிக்கிட்டு வந்தவள ஒருக்கா பாத்தா என்னவாம்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததால்தான் அதைக் கேட்க முடிந்தது.

"நீ ஒருக்கா இதப் பிடி."

"நானா? எங்கயாவது கொண்டு இடிச்சா?"

"நேர் ரோடாக்கும். நான் கைய மட்டுந்தான் எடுப்பேன். ரெண்டு கையாலயும் பிடி."

அவள் சாய்ந்து பிடித்தாள். அவன் தன் கைகளை வளையத்துக்குச் சற்று மேலே தூக்கினான். சாலையை மட்டும் பார்த்தான், காற்றில் நின்ற தன் கைகளை அவன் பார்க்கவில்லை. கால் மெல்ல அழுத்தியது. முள் இருபதைத் தொட்டது.

"சொல்லு பிள்ளே. ஸ்டியரிங்கு நடுங்குதா?"

"நடுங்குது," என்றாள் ரத்னாபாய்.

8

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில், தட்டையான டயர்கள் சாலையை அறைந்து அறைந்து ஓட, அவளுடைய உள்ளங்கைகள் நிறைய அந்த அதிர்வு. அவள் "நடுங்குது" என்கிறாள்.

இரண்டாவதில், ஸ்டியரிங் கிணற்றுத் தண்ணீர் போல அசையாமல் கிடக்கிறது. காற்றில் நிற்கும் அவன் விரல்களை அவள் பார்க்கிறாள். "நடுங்குது" என்கிறாள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் குரல் ஒன்றுதான். அவன் முகத்தில் பரவிய வெளிச்சமும் ஒன்றுதான். "அப்போ வண்டியாக்கும்," என்று அவன் சொன்னதும் ஒன்றுதான். முதலாவதில் அவள் ஓர் உண்மையைச் சொன்னாள். இரண்டாவதில் பாறையும் பள்ளமுமான அந்த மலைச்சாலை முழுவதையும், இனி வரும் எல்லாத் திங்கட்கிழமைகளுக்கும், தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். சக்கரங்களைப் பற்றிப் படித்ததெல்லாம் இதற்குமேல் எனக்கு உதவவில்லை.

எழுதியதில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இன்னும் ஒன்றே.

"பிடிச்சது மதி பிள்ளே, விடு. நான் பிடிக்கேன்," என்றான் சத்தியநேசன்.

அவள் ஒரு கையை எடுத்தாள்.

மற்ற கை ஏன் அங்கேயே இருந்தது என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.