விரதத்துக்கு விலக்கு

கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் குழந்தை இல்லை. ஜெயப்பிரியா ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்த சஷ்டிக்குப் பட்டினி கிடந்தாள். வேளைக்கு ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். செங்கல்பட்டு டாக்டரம்மா அவளைப் பரிசோதித்துவிட்டு, "உன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று எப்போதோ சொல்லியாகிவிட்டது. வீட்டுக்காரன் ரமேஷ் வரவேண்டுமே!

"நான் இன்னா நோயாளியா?" என்பான்.

"அதான! எம்புள்ளைக்கு இன்னா கொற?" என்பாள் மாமியார் செல்லம்மா.

விரத வீட்டில் கவிச்சி கூடாது என்பதால், சஷ்டி முடியும்வரை புதுப்பட்டினம் கடையில் மீன் வறுவலோடு ரமேஷ் தன் பக்தியைக் காப்பாற்றிக்கொள்வான்.

தொண்ணூற்றெட்டாம் வருஷ சஷ்டியில் செல்லம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. முருகன் மேல் அல்ல, மருமகள் மேல். மூவரும் திருப்போரூர் கோயிலுக்குப் போனபோது குருக்களிடம், "இவ விரதம் இருக்கிற லட்சணமே சரியில்ல சாமி" என்று முறையிட்டாள்.

"குழந்தை ரெண்டு பேருக்கும்தானே? தம்பதியா இருக்கட்டும்" என்று அவர் ரமேஷ் கையிலும் காப்புக் கயிற்றைக் கட்டிவிட்டார். கட்டினால் கட்டினதுதான். சூரசம்ஹாரம் முடிகிறவரை அவிழ்க்கக் கூடாது.

மத்தியானம் அப்பள டப்பாவுக்குள் கையை விட்டபோது ரமேஷ் அம்மாவிடம் மாட்டிக்கொண்டான்.

"காப்பு கட்டிக்கினு இன்னாடா பண்ற? சாமி குத்தம்டா!"

"உசுரு போவுதும்மா. இதுக்கு வேற வழியே இல்லியா?"

"வைத்தியம் பாத்துக்கிறவங்களுக்குத்தான் விலக்கு கீது. வேற யாருக்கும் இல்ல."

ரமேஷ் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் எத்தனை கெஞ்சியும் அழுதும் ஆஸ்பத்திரிக்கு அசையாத ஆள் அவன். பசி வந்தால் பத்தும் பறந்து போகுமாம். அந்தப் பத்தில் ஆம்பளை வீறாப்பும் ஒன்று போலிருக்கிறது.

"அப்ப நான் வைத்தியம் பாத்துக்கிறேன். இன்னிக்கே அந்த டாக்டரம்மாவாண்ட போலாம்."

செல்லம்மா லேசில் நம்புகிறவள் இல்லை. சாமி விஷயத்தில் பொய் வரக்கூடாது என்று தானும் கூடவே பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மேரி சீட்டு எழுதக் குனிந்தபடி, "யாருக்குப் பாக்கணும்? இந்தம்மாவுக்கா?" என்று ஜெயப்பிரியாவைக் காட்டினாள்.

ரமேஷ் வாயைத் திறப்பதற்குள் செல்லம்மா பதறிப்போய் முன்னால் வந்தாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா! கொற எம்புள்ளைக்குத்தான். நல்லா எழுதிக்க!"

உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கூடவே வந்த அழுகைதான் நிற்கவில்லை.