ஊசி போட்ட கோடு

மாமனாரின் பாலிஷ் பட்டறையில் மாப்பிள்ளைக்கு மானம் என்று ஒன்று இருந்தால் அது தட்டை மெருகேற்றும் அந்தக் காந்த மெஷின்தான். அவர் கையைக் காலைப் பிடித்து வாங்க வைத்தது. விளக்குக் கம்பெனி நடத்தும் ஒரு அம்மா வந்து, வெளிச்சத்தைத் திருப்பிவிட விளக்குக்குள் வைக்கிற அலுமினியத் தட்டைப் பார்த்துச் சரி என்றால் மெஷின் பட்டறையில் தங்கும். இல்லையென்றால் வந்த வழியே போகும். இதை மாமனார் சாப்பாட்டு நேரத்தில், பெண்டாட்டி எதிரிலேயே சொல்லிவிட்டார்.

மெஷினைக் குறை சொல்லக் கூடாது. இரும்புத் தூளும் தேய்ப்புப் பொடியும் கலந்து காந்தத்துக்கும் தட்டுக்கும் நடுவே கொட்டினால், பொடி சிலிர்த்து நின்று பிரஷ்ஷாகிவிடும். காந்தம் சுழலச் சுழல அது பூப்போலத் தடவும். அலுமினியம் பச்சைப் பிள்ளை மாதிரி, கொஞ்சம் அழுத்தினாலும் காயம்தான்; அதற்கு இந்தத் தடவல்தான் சரி. துணிச்சக்கரத்தில் தேய்த்தே தலை நரைத்த மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன், அலுமினியம் காந்தத்தில் ஒட்டவே ஒட்டாதே, இதென்ன கண்கட்டு வித்தை என்று நக்கலடித்தார். ஒட்ட வேண்டியது பொடிதான், தட்டு இல்லை என்று விளக்கியும் உதட்டைப் பிதுக்கினார். முதல் தட்டு வெளியே வந்ததும் அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா மாப்பிள்ளை? மெஷினோடு ஒரு ஊசிக் கருவியும் வாங்கியிருந்தார். வைர நுனி ஊசி தட்டின் மேல் விரலளவு ஊர்ந்து, மேடு பள்ளத்தைத் தடவி ஒரு நம்பர் சொல்லும். நம்பர் குறையக் குறைய வழவழப்பு அதிகம். அந்த நம்பர் மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. தபால்காரர் வந்தாலும் அளந்து காட்டினார். மச்சான் கண்ணால் பார்த்து நல்லாயிருக்கு என்றால், கண்ணை நம்பித்தான் இந்தப் பட்டறை குட்டிச்சுவரானது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மாமனார் ஏற்கெனவே ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள். கேட்க வேண்டுமா, சொக்கிப் போனார்.

அந்த அம்மா வருவதற்கு முந்தின நாள் பார்த்தால், தட்டெல்லாம் மெல்லிய கோடுகள். மாப்பிள்ளை பொடியைத் திட்டினார், மாற்றினார். மச்சானின் சக்கரத் தூசி என்று சண்டைக்குப் போனார். கடைசியில் விளக்கடியில் தட்டைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. எல்லாக் கோடும் ஒரே நீளம், ஊசி ஊர்கிற அதே விரலளவு. பெற்ற பிள்ளையைக் கிள்ளிக் கிள்ளித் தானே அழ வைத்த கதையாகப் போயிற்று.

மாமனாரிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? புதுத் தட்டு ஒன்றைத் தேய்த்து, ஊசியைக் கிட்டவே விடாமல், பஞ்சில் சுற்றி வைத்தார். ஊசிக் கருவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மாமனாரிடம் இன்னொரு சாவி இருப்பது அவசரத்தில் மறந்துபோனது.

அந்த அம்மா வந்து தட்டுக்குக் கை நீட்டினார். "ஒரு நிமிஷம்மா" என்றார் மாமனார், கருவியோடு வந்து.

"வேணாம் மாமா. கண்ணால பார்த்தாலே தெரியுதே."

மாமனார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணை நம்பக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

ஊசி நிதானமாக ஊர்ந்தது. அதுவரை வராத அருமையான நம்பர் வந்தது. அந்த அம்மா தட்டை முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் தெரிந்த கன்னத்துக்குக் குறுக்கே ஒரு கோடு.

"அது ஊசி போட்ட கோடும்மா" என்றார் மாப்பிள்ளை.

"எது போட்டா என்ன? எனக்கு வெளிச்சம் சிதறும்" என்று தட்டை வைத்துவிட்டு அவர் கிளம்பினார்.

மாமனாருக்குக் கோபமே வரவில்லை. இத்தனை நல்ல நம்பரை வேண்டாம் என்கிறவருக்குத் தொழில் தெரியவில்லை என்று தீர்த்துவிட்டார். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். மறுநாளே மெஷினைத் திருப்பி எடுத்துப் போக ஆள் வந்தது. ஊசிக் கருவியையும் சேர்த்துத் தூக்கப் போனவனை மாமனார் தடுத்தார்.

"அது இருக்கட்டும். அதுதான் நல்ல கருவி. இனிமே உங்க மச்சான் தேய்க்கிற ஒவ்வொரு தட்டையும் நீங்க அளந்துதான் அனுப்பணும், மாப்பிள்ளை."

மச்சான் பளபளவென்று முதல் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாப்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்க்காமல் ஊசியை இறக்கினார்.