முந்திக்கொண்ட சிரிப்பு

கலைக்கூடத்தின் மேலாளர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார். “முன்வரிசையில எவளோ ஒருத்தி முந்திக்கிட்டு இளிக்கிறா சார். அதை மட்டும் வெட்டிடுங்க. வசனம் சுத்தமா கேக்கணும்.”

“சரி” என்றார் ஒலிப்பதிவாளர். அவருக்குப் பாம்புக் காது என்று ஊரே சொல்லும். அந்தக் காதுக்கு அது யாருடைய சிரிப்பு என்று தெரியாதா? செத்துப்போன அவர் பெண்டாட்டியுடையது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே! அப்படியொரு கல்லுளிமங்கன் அந்த மனுஷன்.

மாநிலம் பெற்றெடுத்த கலைஞர்களுக்கென்று புதிதாக ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். பாடகி, நடனக்காரர், மாயவித்தைக்காரர் என்று சுவர் முழுக்க ஆளுயரப் படங்கள். படத்துக்குக் கீழே ஒரு பொத்தான். அமுக்கினால் அவரவர் குரல் கேட்கும். நடுநாயகமாக நின்றவர் குசும்பர். பட்டிதொட்டியெல்லாம் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர். “பொறும்மா, நான் இன்னும் சொல்லவே இல்ல!” என்ற அவருடைய வசனத்தைச் சொல்லாத வாய் அங்கே கிடையாது. பேருந்தில் சொல்வார்கள், கல்யாண வீட்டில் சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் ஒலிப்பதிவாளர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஏனென்றால் குசும்பர் அதை எழுதி வைத்துக்கொண்டு பேசவில்லை. ஒலிப்பதிவாளரின் மனைவி எல்லா நிகழ்ச்சிக்கும் ஓசி சீட்டில் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அத்தனை நகைச்சுவையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் முடிப்பதற்குள் இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். அன்றும் நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் விக்கல் மாதிரி ஒரு மூச்சை இழுத்துச் சிரித்தாள். குசும்பர் நிறுத்தி, அவளைப் பார்த்து அதைச் சொன்னார். அரங்கமே அதிர்ந்தது. அந்த வாரமே பிரசவத்தில் மகராசி போய்விட்டாள். பெண் குழந்தை பிழைத்தது.

அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்த நாடாவை அவர் பிறகு தொடவே இல்லை. வீட்டில் மனைவியின் படம் உண்டு, குரல் கிடையாது. மகளை நன்றாகத்தான் வளர்த்தார். ஆனால் அவள் வாய்விட்டுச் சிரித்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். தன் சிரிப்பு அப்பாவுக்கு ஆகாது என்றே நினைத்து வளர்ந்து, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள் அந்தப் பெண்.

கூடத்துக்காகக் காப்பகத்திலிருந்து நாடா வந்தபோது தப்ப வழியில்லாமல் போயிற்று. கணினித் திரையில் அந்தச் சிரிப்பு ஒரு சின்ன மேடாகத் தெரிந்தது. வெட்டினார். தூக்கிப் போட மனம் வராமல் தனியே சேமித்து வைத்தார்.

திறப்பு விழாவுக்கு மகளும் வந்தாள். குசும்பரின் பொத்தானை அமுக்கினாள். அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். கொஞ்சம் நிசப்தம். “பொறும்மா, நான் இன்னும் சொல்லவே இல்ல!” சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுபடி அமுக்கினாள்.

“அப்பா, இவரு யாரைப் பார்த்துப்பா பொறும்மாங்கறாரு? அங்க யாருமே இல்லையே?”

அவர் அவள் கையைப் பிடித்து மாடியிலிருந்த ஒலிப்பதிவு அறைக்குக் கூட்டிப்போனார். ஹெட்போனை அவள் காதில் மாட்டி, சேமித்து வைத்ததைப் போட்டார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் புருவம் சுருங்கியது. பிறகு கண்கள் விரிந்தன.

“அட, இது நான்தானே! எனக்குத் தெரியாம எப்பப்பா பதிவு பண்ணீங்க? என் சிரிப்புதான் உங்களுக்குப் பிடிக்காதே?”

“அது வந்து... நீ இல்லம்மா...” பேந்தப் பேந்த விழித்தார்.

கீழே யாரோ பொத்தானை அமுக்கினார்கள். குசும்பரின் குரல் படி வழியாக மேலே வந்தது. ஏதோ சொல்ல வந்து நின்றது. அப்பா விழிக்கிற விழியைப் பார்த்து மகளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து, கடைசியில் விக்கல் மாதிரி மூச்சை இழுத்தாள். இந்த முறை அவர் வெளியே போகவில்லை.

“பொறும்மா,” என்றது கீழேயிருந்து, “நான் இன்னும் சொல்லவே இல்ல!”