மச்சானுக்குக் கொடுத்த தோட்டாப் பெட்டி

சனிக்கிழமை காலை, பட்டறை மேசையில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துக் காதோரம் குலுக்கினேன். உள்ளே சலசலவென்று சத்தம் கேட்டது. கேட்கக் கூடாத சத்தம் அது.

பெட்டியின் மேல் 'எல்க் மான் வேட்டை' என்று நானே எழுதி ஒட்டியிருந்தேன். என் வேட்டைத் துப்பாக்கிக்கு மெதுவாக எரியும் வெடிமருந்து. கழுத்து வரை நிரப்புவேன், குலுக்கினால் மூச்சு விடாது. மச்சான் டுவைட்டின் பழைய பட்டாளத்துத் துப்பாக்கி கேரண்டுக்கு வேகமாக எரியும் மருந்து. கொஞ்சம் குறைவாகத்தான் போடுவேன், அதனால் சலசலக்கும். இரண்டுக்கும் பித்தளைக் கூடு ஒன்று, குண்டு ஒன்று. வெளியே பார்த்து எவனாலும் சொல்ல முடியாது.

சந்தேகமே வேண்டாமென்று குண்டைக் கழற்றி மருந்தைத் தட்டில் கொட்டினேன். கேரண்டுக்கான மருந்தேதான். அப்படியென்றால் வியாழக்கிழமை டுவைட்டின் பிறந்தநாளுக்கு நான் ரிப்பன் கட்டிக் கொடுத்தது எது?

பெட்டியை நிரப்பிய பிறகுதான் சீட்டு ஒட்ட வேண்டும். மொன்டானாவில் தோட்டா செய்கிற எந்தக் கழுதைக்கும் தெரிந்த விஷயம். நானோ, என் மனைவி நோரீன் சாப்பிடக் கூப்பிடுகிறாளே என்று காலிப் பெட்டிகளில் சீட்டை ஒட்டிவிட்டுப் போய், திரும்பி வந்து மாற்றி நிரப்பியிருக்கிறேன். கேரண்டின் குழலுக்கடியில் ஒரு நீளக் கம்பி உண்டு. சுடும்போது வரும் புகையின் அழுத்தம்தான் அதைத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். மெதுவாக எரிகிற என் வேட்டை மருந்தைப் போட்டால் கம்பியைத் தள்ளுகிற இடத்தில் அழுத்தம் எகிறிக் கம்பி வளையும். கெட்ட நேரமென்றால் பின்பக்க இரும்பு உடைந்து கன்னத்தில் பாயும்.

"நோரீன்! உங்கண்ணனுக்குப் போன் போடு!"

"இன்னிக்குச் சுடுதளத்துல போட்டியாச்சே, போனை வண்டியிலதான் வெச்சிருப்பான். ஏன், என்ன ஆச்சு?"

சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "அட பாவி மனுஷா! வண்டிய எடு!" என்றவள் என் கையிலிருந்த சாவியைப் பிடுங்கித் தானே ஓட்டினாள். வழி முழுக்க எனக்கு அர்ச்சனை. "எங்கண்ணனுக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னா நீ வீட்டுப்படி ஏறாத, லீலண்ட்!" ஏறத்தான் எனக்கு மனசு வருமா?

சுடுதளம் நெருங்கும்போதே டமார் டமாரென்று கேட்டது. வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். டுவைட் சரளைக்கல் தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்துச் சுட்டுக்கொண்டிருந்தான்.

"சீஸ் ஃபயர்! சீஸ் ஃபயர்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எங்களூரில் அதைக் கத்த யாருக்கும் உரிமை உண்டு. கேட்டவர்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்திவிட வேண்டும். வரிசை முழுக்கத் துப்பாக்கிகளைத் திறந்து கீழே வைத்தார்கள். தளத்துக்குப் பொறுப்பான அம்மாள் ஒலிபெருக்கியோடு என்னை எரித்துவிடுவது போல் பார்த்தாள்.

டுவைட் காதடைப்பானைக் கழற்றினான். "என்ன மச்சான், வீடு பத்திக்கிச்சா?"

"நான் குடுத்த தோட்டா... மருந்து மாறிப்போச்சுடா! எத்தனை சுட்ட?"

அவன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. என் பின்னால் ஓடி வந்த தங்கையைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் சுடலை."

"இப்ப சுட்டியே?"

"இது நான் செஞ்சது. உன் பெட்டி கராஜ்ல இருக்கு, ரிப்பன்கூட அவுக்கலை." தலையைச் சொறிந்தான். "போன வருஷத்துதும் அங்கதான் இருக்கு. அதுக்கு முந்தினதும். அடுத்தவன் செஞ்ச தோட்டாவ நான் சுடறதில்ல மச்சான்."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். ஆனால் அது ஊராருக்குத்தானே, சொந்த மச்சானுக்குமா?

"அப்ப 'காபிக் கோப்பை அளவு வட்டத்துக்குள்ள உன் குண்டு அத்தனையும் விழுந்துச்சு'ன்னு போன வருஷம் என் தோளைத் தட்டினியே?"

"விழுந்துச்சுதான். என்னோட தோட்டா. உன் மனசு நோகுமேன்னு..."

நோரீன் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறானே, நன்றாக நாலு கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது. சரளையிலேயே உட்கார்ந்து, ஊரே பார்க்க ஓவென்று அழுதேன்.

டுவைட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் குந்தி என் முதுகைத் தடவினான். "அழாத மச்சான். தப்புதான். அடுத்த பிறந்தநாளுக்கு நீ குடுக்கறத முதல் ஆளா சுடறேன், போதுமா?"

"சுட்டுப் பாரு," என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "கைய முறிச்சிடுவேன்!"