முதலில் தொட்டி, பிறகு நட்டு

கறுப்புப் பேனல் ஆர்டர் வந்த மாதத்தில் தொட்டிக்காரர் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நடக்கத் தொடங்கினார். ஆஸ்பத்திரி இயந்திரங்களின் முகப்புக்கான அலுமினியப் பேனல்களை அமிலத்தில் முக்கி, மின்சாரம் கொடுத்துக் கெட்டித் தோல் படியவைத்து, சாயம் ஏற்றுவது அவர் வேலை. இருபது வருடம் அந்த ஆவியைச் சுவாசித்தவருக்கு அலுமினியத்தின் லேசான கனம்தான் மிஞ்சும் என்றார் கம்பெனி டாக்டர். மாத்திரை எதுவும் எழுதவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் தொட்டிக்காரர் தலை உயரத்துக்கு வந்துவிட்டார். "அண்ணே, அப்படியே அந்த ஃபேனைத் தொடச்சு விட்ருங்க" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். துடைத்தார்.

அடுத்த அறையில் பிரஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி. சாயம் ஏறி வந்த பேனலின் துளைகளில் எஃகு நட்டுகளை அழுத்திப் பொருத்துவார். முதலில் தொட்டி, பிறகு நட்டு: சுவரில் எழுதியிருந்த ஒரே விதி அதுதான். எஃகோடு அமிலத்தில் இறங்கினால் நட்டு அரித்துப்போகும், துளையைச் சுற்றித் தோல் கருகும், பேனல் குப்பைக்குப் போகும். கழித்துப்போட்ட நட்டுகளை மனைவி கணவரின் சட்டைப் பைகளில் நிரப்பி, அந்தக் கனத்தில் அவரை வேலைக்கு நடத்திக் கூட்டி வருவார். தொட்டி அறை வாசலில் சட்டையைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே, பேனல்களைத் தொங்கவிடும் அதே அலுமினியக் கம்பியால் கணுக்காலைச் சுவர் வளையத்தில் கட்டிவிடுவார்கள். அவருக்குப் பட்டம் என்று பெயர், மனைவிக்கு நூல்கண்டு அக்கா. இருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அப்போதெல்லாம் அந்தக் கட்டடத்தில் சிரிக்க நேரம் இருந்தது.

காற்றடித்த ஒரு வாரத்தில் கம்பி இரண்டு முறை அறுந்தது. ஆவி வெளியேறக் கூரையில் விட்டிருந்த திறப்பில் ஓர் ஆள் தாராளமாக நுழையலாம். அக்கா யாரிடமும் சொல்லாமல் கணவரின் பேன்ட் இடுப்புப் பட்டிக்குள் ஆறு நட்டுகளை வைத்துத் தைத்தார். அதுவரை ஒரு பேனலில்கூட விதி தவறாத கை அது. மத்தியானம் தையல் விட்டு ஒரு நட்டு தொட்டியில் விழுந்து, இரண்டு பேனல்களுக்கு நடுவே சிக்கியது. வரிசை மொத்தமும் வீண்.

பாதி கரைந்த நட்டை உள்ளங்கையில் ஏந்தி வந்தார் மேற்பார்வையாளர். "ஏம்மா, இது உன் நட்டுதானே?"

"ஆமா சார், நான்தான் தச்சேன். இவரு மேல போயிட்டா யாரு சார் எறக்குவா?"

"அதுக்குன்னு தொட்டிக்கு முன்னாடி நட்டா? உனக்கே நான் சொல்லணுமா? இனிமே இவரு தொட்டிப் பக்கம் வரக்கூடாது."

அக்கா கணவரின் கணுக்கால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் தனியாக விட்டுவந்தால் வெளியே மிதந்துபோக ஒரு ஜன்னல் போதும்.

"வரல சார்," என்றது மேலேயிருந்து கணவரின் குரல். "எனக்குத் தொட்டி முடிஞ்சிருச்சு. விதிப்படி அடுத்து நட்டுதானே?" மனைவியிடம் திரும்பினார். "என்ன பாத்துக்கிட்டே நிக்கிற, மாட்டு."

மேற்பார்வையாளர் சுவரை இன்னொரு முறை படித்தார். தலையாட்டிவிட்டுப் போனார். கணவரின் பூட்ஸில் துளை போட்டு, பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் போல்ட்டுகள் வைத்த ஓர் இரும்புத் தகட்டில் அவரை நிறுத்தி, அக்கா நான்கு நட்டுகளை முடுக்கினார். கணவர் பதினோரு வருடம் அங்கே நின்று மனைவிக்கு நட்டு எடுத்துக் கொடுத்தார். அதற்குள் புது மிஷின்கள் வந்தன, சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கிண்டலடித்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். வேலையின் கடைசி நாளில் அக்கா நான்கு நட்டுகளையும் கழற்றித் துடைத்து டப்பாவில் போட்டார். கணவரின் கணுக்காலில் கட்டிய கம்பியின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தார்.

"பாத்துப் போங்கக்கா," என்ற காவலாளி, கேட்டின் குறுக்குக் கம்பியை வழக்கத்தைவிட நாலடி கூடுதலாகத் தூக்கினார்.